என் மனைவியின் ஸ்பானிஷ் நோட்டு

என் மனைவி ஸ்பானிஷ் கற்கத் தொடங்கியபோது எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு வாடகை வீட்டில் நான், அவள், என் அம்மா என மூன்று பேர். எனக்கு ஒரு பஞ்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தா வேலை. எந்தத் தொழிலாளி எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று நாள் முழுக்கக் குறித்துக்கொண்டிருப்பேன். என் அப்பா அதே மில்லில் தறி ஓட்டியவர். நான் பி.யு.சி. வரை படித்ததால் பேனா பிடிக்க முடிந்தது.

அவள் வீடு வேறு மாதிரி. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், ஊர் வழக்கில் சொல்தா. வீட்டுக்குள் பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாகப் பேசுவார்கள். பங்குச் சாமியார் பேசி முடித்த சம்பந்தம் எங்களுடையது. கல்யாணத்தன்று அவள் பெரியப்பா என்னிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'வீ', ஆமாம். "வீ, வீ" என்று தலையாட்டினேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டிருக்கிறார். அவளும் சிரித்தாள். முகத்திரைக்குள்ளே தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அதை மறக்க எனக்கு வெகுநாள் பிடித்தது.

கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு தொழுநோய் மருந்தகத்தில் அவள் நர்ஸாக இருந்தாள். அங்கேதான் அந்த ஸ்பானிஷ் டாக்டர் வந்து சேர்ந்தார். முப்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகாதவர். உயரமாக, வெயிலில் சிவந்துபோன கழுத்தோடு, காலில் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். தமிழ் தெரியாது, இங்கிலீஷ் அரைகுறை. பிரெஞ்சு நன்றாகத் தெரியும். நோயாளி சொல்வதை அவருக்கும், அவர் சொல்வதை நோயாளிக்கும் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. கன்னியாஸ்திரிகளின் தலைவியான மதர் என் மனைவியை நியமித்தார்.

அவரை 'தொக்தேர்' என்று பிரெஞ்சில்தான் சொல்வாள். டாக்டர் என்று சொன்னால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். அங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்றாள். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அந்த வார்த்தை அவள் வாயில் வரும்போதெல்லாம் எனக்கு உள்ளே சுருக்கென்றது.

மருந்தகத்துக்கு உதவி அனுப்புகிறவர்கள் ஸ்பெயினில் இருந்தார்கள். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அவர்களுக்கு அறிக்கை போக வேண்டும், அதுவும் ஸ்பானிஷில். டாக்டரின் கையெழுத்து அவருக்கே புரியாது. டைப் அடிக்கத் தெரிந்தவள் என் மனைவி ஒருத்திதான். அர்த்தம் தெரியாமல் அடித்ததில் பிழைகள் மலிந்தன. அதனால் அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவளுக்கு வார்த்தைகள் எழுதிக் கொடுத்தார். ஒரு பக்கம் ஸ்பானிஷ் வார்த்தை. எதிரே அது எந்தக் கிரேக்க வார்த்தையில் இருந்து வந்தது என்று, கிரேக்க எழுத்திலேயே. கடைசிக் கட்டத்தில் அவள் தன் உருண்டைக் கையெழுத்தில் தமிழில் உச்சரிப்பும் பொருளும் எழுதிக்கொள்வாள்.

அந்த நோட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் அடுப்பில் சோறு வேகும்போது முழங்காலில் விரித்து வைத்துப் படிப்பாள். "தெஃபலேயா. தலைவலி. கெஃபலே, தலை." "ஓத்தீத்திஸ். காது அழற்சி. ஓத்துன்னா காது." 'ஈத்திஸ்' என்று முடிந்தால் ஏதோ ஒன்று வீங்கி எரிகிறது. 'ரேயா' என்று முடிந்தால் ஏதோ ஒழுகுகிறது. முன்னால் 'அ' அல்லது 'அன்' வந்தால் இல்லை என்று பொருள். பிரெஞ்சுக்காரன் கிரேக்க வார்த்தையை ph, th, ch என்ற அதன் நகை நட்டோடு அப்படியே வைத்திருக்கிறானாம், ஸ்பானிஷ்காரன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் காதில் கேட்கிறபடி எழுதுகிறானாம். அதனால் அவளுக்கு சுலபமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னாள். ஸ்பானிஷில் வீட்டுச் சொல் வேறு, ஆஸ்பத்திரிச் சொல் வேறு. நெஞ்சு நன்றாக இருக்கும்வரை 'கொரசோன்'. பாட்டிலும் காதல் கடிதத்திலும் அதுதான் வரும். நோவு வந்துவிட்டால் 'கார்தியாக்கோ' என்று கிரேக்கத்துக்குப் போய்விடும். கண், இரத்தம், தோல், எல்லாம் அப்படித்தான். வீட்டுச் சொற்களை டாக்டர் நோட்டில் எழுதவில்லை, டைப் அடிக்க அவை தேவையில்லை என்றாள்.

"அப்ப உனக்குக் கொரசோன் எப்படித் தெரியும்?" என்றேன்.

"பேச்சுவாக்குல சொன்னாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து சோறு வடிக்கப் போனாள்.

அன்றுமுதல் அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் நான் அந்த நோட்டை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். டாக்டர் என் மனைவிக்கு என்ன எழுதுகிறார் என்று பார்க்கத்தான். வெறும் வியாதியாக இருந்தது. ஆனால் தினமும் பார்க்கப் பார்க்க அந்தத் துண்டுகள் மனதில் பதிந்துவிட்டன. மில்லில் வருகைப் பதிவேடு எழுதும்போதுகூட 'நெவ்ரோன், நரம்பு, அல்கோஸ், வலி' என்று உள்ளே ஓடும்.

ஒரு பக்கத்தில் ஒரு பூ வரைந்திருந்தது. பென்சிலில், ஐந்தாறு இதழோடு, அடியில் இரண்டு உருண்டைக் கிழங்கோடு. பக்கத்தில் ஒரு வார்த்தை, 'orquis'. தமிழ்க் கட்டம் காலி. மற்ற எல்லா வார்த்தைக்கும் பொருள் எழுதியவள் இதற்கு மட்டும் எழுதவில்லை. இது என்ன என்று கேட்டேன். அவள் முகம் சிவந்தது. "அது ஒரு பூவோட பேரு" என்றாள். ஓர்க்கீதேயா என்று, இங்கிலீஷில் ஆர்க்கிட் என்று, ஒரு பூ இருக்கிறதாம். வியாதி நோட்டில் பூவுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை ஒரு மாதம் சுமந்தேன்.

மில்லில் எனக்குப் பகல் ஷிப்டு இல்லாத ஒரு நாள், சொல்லாமல் மருந்தகத்துக்குப் போனேன். வாசல் தூணோரம் நின்று பார்த்தேன். ஒரு வயசான மீனவர் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஒரு கோழி இறகால் அவர் கையைத் தொட்டார். எந்த இடத்தில் தொடுகிறது என்று சொல்லுங்கள் என்று என் மனைவி தமிழில் கேட்டாள். அவர் முழங்கைப் பக்கம் காட்டினார். டாக்டர் தொட்டது மணிக்கட்டில். டாக்டர் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார்: "அனெஸ்தேசியா." அவள் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினாள். 'அன்', இல்லை. உணர்ச்சி இல்லை. தூணோரம் நின்ற எனக்கும் அது புரிந்தது.

அவ்வளவுதான் நடந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மேஜை இருந்தது. சந்தேகப்பட எதுவுமே இல்லை. ஆனால் அவர் பாதி சொல்லும்போதே அவள் மீதியைப் புரிந்துகொண்டாள், அவள் தலை நிமிரும் முன்பே அவர் அடுத்த சீட்டை நீட்டினார். நானும் அவளும் வீட்டில் ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட நான் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் வயிறு எரிந்தது. காஸ்த்ரீத்திஸ் என்று வேண்டுமானால் நோட்டில் எழுதியிருக்கலாம்.

அவள் வேலை முடிந்து வரும்வரை தெருமுனையில் காத்திருந்து அவளோடு திரும்பினேன். அவள்தான் பேசினாள்.

"நீங்க அங்க நின்னத பாத்தேன். இதுக்கும் ஒரு வார்த்த இருக்கு. தேலோஸ். பொறாமை. இங்கிலீஷ்ல ஜெலஸ்னு சொல்றமே, அதுவும் இதே கிரேக்க வார்த்தைலேர்ந்து வந்ததுதான்."

"அதையும் அவருதான் சொன்னாரா?"

அவள் நடையை எட்டிப் போட்டாள். அதற்குப் பிறகு என் முன்னால் நோட்டைத் திறப்பதை நிறுத்திவிட்டாள்.

அப்போது வீட்டில் வேறொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. என் அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடந்தே போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாள். வந்ததும் மருமகளைப் பார்த்து ஏதாவது சொல்வாள். வேலைக்குப் போய் ஊர் வியாதியெல்லாம் தொட்டுக்கொண்டு வந்தால் வயிறு எப்படித் திறக்கும் என்பாள். என் மனைவி பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் அவள் இரண்டு பேருமே சோதனை செய்து பார்க்கலாம் என்றாள். அவளோடு நர்சிங் படித்தவள் ஒருத்தி ஒரு லேபில் இருந்தாள். வெட்கத்தைப் பார்க்காமல் நானும் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கு முன்பே என் மனைவி ஒன்று கேட்டிருந்தாள், சின்ன வயதில் ஏதாவது பெரிய காய்ச்சல் வந்ததா என்று. பதினேழு வயதில் பொன்னுக்குவீங்கி வந்ததைச் சொன்னேன். கன்னம் இரண்டும் உப்பி, அம்மா என் கழுத்தில் தன் தங்கச் சங்கிலியைப் போட்டு, வேப்பிலை அரைத்துப் பூசினாள். கன்னம் வற்றியது. பிறகு கீழே வீங்கி, பத்து நாள் காலை அகட்டிப் படுத்துக்கிடந்தேன். அந்த இரண்டாவது வீக்கத்தை நான் உலகத்தில் வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் மட்டும் சொன்னேன்.

ரிப்போர்ட்டை அவளே போய் வாங்கி வந்தாள். ஒன்றும் இல்லையாம், இரண்டு பேருக்கும் எல்லாம் சரியாக இருக்கிறதாம், கர்த்தர் கொடுக்கும்போது கொடுப்பார் என்றாள். நான் நம்பினேன்.

டாக்டர் இரண்டு வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். அதற்குள் அவள் ஸ்பானிஷ் வாசிக்கவும் பேசவும் கற்றிருந்தாள். வழியனுப்பும் கூட்டத்துக்கு நான் போகவில்லை. அவள் நோட்டை டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்தாள். நான் மனதுக்குள் பெரிய பாரம் இறங்கியவனாக ஒரு வாரம் அவளுக்குத் தினமும் மல்லிகை வாங்கி வந்தேன். அவள் எதற்கென்று கேட்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து மில்லில் லே-ஆஃப் விட்டார்கள். பகலில் வீட்டில் இருந்தேன். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம். தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்தார். வெளிநாட்டுத் தபால்தலை, என் மனைவி பெயர், எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. மருந்தகத்துக்கு வரும் கடிதங்களை மதர் பிரித்துப் பார்ப்பார். அதனால் வீட்டு விலாசம் கொடுத்திருக்கிறாள். இதை நினைத்ததுமே கவரைக் கிழித்துவிட்டேன். பக்குவமாகப் பிரித்து மறுபடி ஒட்டலாம் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

இரண்டு பக்கம், முழுக்க ஸ்பானிஷ். பிரெஞ்சில் எழுதியிருந்தால் அவள் அப்பாவிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லியிருப்பேன். அதற்காகத்தான் ஸ்பானிஷ் என்று புரிந்தது. டிரங்குப் பெட்டியில் இருந்து நோட்டை எடுத்தேன். கடிதத்தில் முதலில் கொரசோன் என்ற வார்த்தையைத் தேடினேன். இல்லை. வரிவரியாகப் போனேன். எல்லாம் வீட்டுச் சொற்கள், சின்னச் சின்னதாக, ஒன்றும் புரியவில்லை. நடுநடுவே தெரிந்த முகம்போல ஒன்றிரண்டு நீளமான வார்த்தைகள் எழுந்து நின்றன.

முதலாவது 'parotiditis'. ஈத்திஸ், அழற்சி. ஓத்து, காது. முன்னால் இருந்த 'பர' என்றால் அருகில் என்று நோட்டின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. காதுக்கு அருகில் வீக்கம். தலைவலியா பல்வலியா என்று யோசித்தேன். அடுத்தது 'orquitis'. மறுபடி ஈத்திஸ். முன்னால் இருந்தது அந்தப் பூ. பூவுக்கு எப்படி அழற்சி வரும்? மூன்றாவது 'azoospermia'. 'அ', இல்லை. 'ஸோஓ' என்றால் உயிருள்ள பிராணி, புரோட்டோசோவா என்ற வார்த்தையோடு எழுதியிருந்தது. 'எஸ்பெர்மா' என்ற வார்த்தைக்கு எதிரே அவள் கையெழுத்தில் 'விதை' என்று இருந்தது. விதையில் உயிர் இல்லை.

எதையோ தொட்டுவிட்டேன் என்று தெரிந்தது. எதை என்று தெரியவில்லை. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் பொது நூலகத்துக்குப் போனேன். இங்கிலீஷ் அகராதிகளில் இருப்பதிலேயே தடியானதை எடுத்துக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்த பென்ஷன்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். ஸ்பானிஷில் கழற்றிய நகையையெல்லாம் திரும்பப் பூட்டித் தேட வேண்டியிருந்தது. காதுக்கு அருகில் வீக்கம் என்பது பொன்னுக்குவீங்கி. பூ என்று சொன்னது ஆணின் விரை. அந்தச் செடியின் கிழங்கு அப்படி இருப்பதால் கிரேக்கர்கள் பூவுக்கு அந்தப் பெயரை வைத்தார்களாம். என் மனைவி முகம் சிவந்ததற்குக் காரணம் அதுதான். மூன்றாவது வார்த்தைக்கு அகராதியில் ஒரே வரி, விந்தில் உயிரணு இல்லாமை. அதை நான்கைந்து தடவை படித்தேன். என் கதையை மூன்று வார்த்தையில் எழுதி ஸ்பெயினில் இருந்து அனுப்பியிருந்தார்.

அந்த நேரத்தில் நல்ல மனுஷனுக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? அவள் இத்தனை நாள் என் குறையைத் தன் மேல் போட்டுக்கொண்டு என் அம்மாவிடம் பேச்சு வாங்கியிருக்கிறாள் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது அதுவல்ல. அவளிடம் மட்டும் சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டாளே என்றுதான் தோன்றியது. என் உடம்பைப் பற்றி அவர்கள் இருவரும் பேசியிருக்கிறார்கள். எனக்கே தெரியாததை அவர் தெரிந்துவைத்திருக்கிறார். அவர் அவள் கையைத் தொட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

கடிதத்தை அவளிடம் கொடுக்கவில்லை. கிழிந்த கவரோடு மில் சைக்கிள் பாஸ் வைக்கும் தகர டப்பாவில் போட்டு வைத்தேன். அவள் காத்திருந்தாள். வேலையில் இருந்து வந்ததும் "தபால் எதுனா வந்துச்சா?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்பாள். இல்லை என்பேன். அவள் முகம் வாடும். அந்த வாட்டத்தைப் பார்க்க எனக்கு ஒரு குரூரமான திருப்தி இருந்தது. ஐந்து வாரம் அப்படிச் செய்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் செய்தேன்.

அப்புறம் முதலியார்பேட்டையில் என் தங்கையின் மூன்றாவது பிள்ளைக்கு ஞானஸ்நானம். பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. பிள்ளையை ஒவ்வொருவராக வாங்கிக் கொஞ்சினார்கள். என் மனைவி கை நீட்டியபோது என் அம்மா பிள்ளையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ வாணாம்மா. வெறும் மடில பச்சப் புள்ளைய வைக்கக் கூடாது" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, இலையில் பாயசம் வேண்டாம் என்பதுபோலச் சொன்னாள். பத்துப் பேர் இருந்தார்கள். என் மனைவி நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டு, "பரவால்ல அத்தை" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் டம்ளர்களை அடுக்கப் போனாள். நான் அங்கேதான் நின்றேன். என் சட்டைப் பையில் கடிதம் இல்லை, ஆனால் வார்த்தை என் வாயில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அம்மா தங்கை வீட்டிலேயே தங்கிவிட, நாங்கள் இரண்டு பேரும் நடந்தே திரும்பினோம். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். பெரிய வாய்க்கால் ஓரமாக வரும்போது சொன்னேன்.

"அஸூஸ்பெர்மியா."

அவள் நின்றுவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். பிறகு, தன்னை அறியாமல்தான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன், "அதோஸ்பேர்மியா. ஸ்பெயின்ல அந்த எழுத்துக்கு நாக்கப் பல்லுக்கு நடுவுல வைப்பாங்க" என்றாள். அந்த நேரத்திலும் அவர் சொல்கிற மாதிரிதான் சொல்கிறாள் என்று எனக்குப் பொறாமை வந்தது. வந்ததை மறைப்பதில் இப்போது லாபம் இல்லை.

"லெட்டர் வந்துடுச்சா?" என்றாள்.

"அஞ்சு வாரம் ஆச்சு."

அவள் திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து கொடுத்தேன். கிழிந்த கவரை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, கூடத்து விளக்குக்கு அடியில் உட்கார்ந்து வாசித்தாள். எனக்குப் புரியாமல் போன வீட்டுச் சொற்களையெல்லாம் சேர்த்துத் தமிழில் சொன்னாள். பொன்னுக்குவீங்கி கீழே இறங்கி விதையைக் கெடுத்திருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்குச் சரியாவது அரிது. மெட்ராஸில் பெரிய டாக்டரிடம் ஒருமுறை காட்டிப் பார்க்கலாம். அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அடுத்த வரிக்கு வந்ததும் நிறுத்தினாள். படி என்றேன்.

"உடம்பு அவருடையது. என்னைக் கேட்பதற்கு முன்னால் நீங்கள் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அங்கே இருந்தபோதே இரண்டு தடவை சொன்னேன். இப்போது எழுதுகிறேன். அவரிடம் சொல்லுங்கள்."

அவள் கடிதத்தை மடித்தாள். நான் கிட்டத்தட்ட மூன்று வருடமாக வெறுத்த ஆள், நான் இல்லாத இடத்தில் என் பக்கம் பேசியிருக்கிறார். அதுவும் எனக்குச் சந்தோஷமாக இல்லை. என்னைவிட நியாயமானவராக வேறு இருக்கிறாரே என்று இருந்தது.

ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்டேன்.

"நான் அவர்கூடப் பேசுனதுக்கே நீங்க நாள் கணக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கினீங்க" என்றாள். "இத எப்படிச் சொல்றது? சொன்னா ஒடைஞ்சுடுவீங்கன்னு நெனச்சேன். மருந்து இருக்குன்னு தெரிஞ்சா அதையும் சேத்துச் சொல்லலாம்னு இருந்தேன்."

"அதுவரைக்கும் அம்மா பேசுனத?"

"பேசட்டும்னு விட்டேன். எனக்கு உண்மை தெரியுமில்ல. தெரிஞ்சவளுக்கு அவ்வளவு வலிக்காது."

அவள் அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. வலித்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்ததும் சொன்னேன். கிரேக்கமும் ஸ்பானிஷும் இல்லாமல், குறை என்னிடம்தான், பதினேழு வயதில் வந்த வீக்கத்தால் வந்தது என்று நேராகச் சொன்னேன். அம்மா முதலில் நம்பவில்லை. நர்ஸ் வேலை செய்கிறவள் ரிப்போர்ட்டை மாற்றி எழுதியிருப்பாள் என்றாள். நான் குரலை உயர்த்தினேன். என் வாழ்க்கையில் அம்மாவிடம் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவள் சமையலறையில் போய் உட்கார்ந்து அழுதாள். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டேனே, பத்தியம் வைத்தேனே என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டே இருந்தாள். மருமகளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சனிக்கிழமை நடையையும் நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாளில் இரவுச் சாப்பாட்டில் மீன் தலையை எனக்கு வைக்காமல் அவளுக்கு வைக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம்.

மெட்ராஸுக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் பரிசோதித்துவிட்டு, எனக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று தயங்கினார். நானே அந்த வார்த்தையைச் சொன்னேன். மெடிக்கல் ரெப்ரசென்டேட்டிவா என்று கேட்டார். மில் குமாஸ்தா என்றேன். ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். பஸ்ஸில் திரும்பும்போது திண்டிவனம் வரை அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள்.

எண்பதுகளின் நடுவில் அந்த டாக்டர் மறுபடி புதுச்சேரி வந்தார். இந்த முறை மனைவியோடும் இரண்டு சின்னப் பெண்களோடும். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். என் மனைவி வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள், பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். பட்டுப்புடவை எதற்கு என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பெண்கள் இரண்டு பேரும் என் அம்மாவின் மடியில் ஏறி அவள் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தார்கள். அம்மா அவர்களை இறக்கிவிடவில்லை.

என் மனைவியும் டாக்டரின் மனைவியும் அடுப்படியில் ஸ்பானிஷில் பேசிக்கொண்டார்கள். கூடத்தில் நானும் டாக்டரும் மட்டும். பொதுவான பாஷை இல்லை. அவர் தலை நரைத்து, கண்ணாடி போட்டிருந்தார். கண்ணாடியைத் தொட்டு, "மியோபீயா" என்றார். நான் முழங்காலைத் தட்டிக் காட்டி, "ஆர்த்ரீத்திஸ்" என்றேன். அவர் வியந்துபோய்ச் சிரித்தார். தன் அப்பாவுக்கு தியாபேத்தெஸ் என்றார். என் அம்மாவுக்கும்தான் என்று உள்ளே கை காட்டினேன். அரை மணி நேரம் இரண்டு குடும்பத்து வியாதியையும் பேசித் தீர்த்தோம். எங்கள் மூன்று வார்த்தையை இரண்டு பேருமே சொல்லவில்லை.

ரிக்ஷா ஏறும்போது அவர் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். ஒரு ஆஸ்பத்திரிச் சொல்லும் அதில் இல்லை, அதனால் எனக்குப் புரியவில்லை. என் மனைவியைப் பார்த்தேன். உங்களைப் பார்த்ததில் சந்தோஷமாம் என்றாள். அவர் பேசியது அதைவிட நீளம். அவர்கள் போனதும் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே, அடுப்படியில் அந்தம்மா என்னவெல்லாம் பேசினாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் துடைத்துத் தந்த தட்டுகளை நான் வாங்கி அடுக்கினேன். அவள் சொன்னது எல்லாமா, பாதியா என்று எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்று இருந்தது. கேட்கவில்லை.